டின்னின் பின்பக்கம்

பண்டாரவளை

அன்புள்ள மகளுக்கு,

போட்டிக்கு அரை மணித்தியாலம் முன்னால் ஒரு டின் எனர்ஜி டிரிங்க் குடித்தால் கால் இலேசாக ஓடும் என்று உன்னோடு ஓடுகிற பிள்ளைகள் சொல்கிறார்களாம். குடிக்கலாமா அத்தை என்று போனில் கேட்டாய். வேண்டாம் என்றேன். ஏன் என்றாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உயர்தரத்தில் உயிரியல் எடுத்திருக்கிற பிள்ளைக்கு "கெட்டது, தொடாதே" என்று மட்டும் சொன்னால் அது பதிலாகாது. எனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீயே முடிவெடு. உன்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கும் நீயே எடுத்துச் சொல்லு.

பசறை டவுனில் பஸ் நிற்கிற இடத்துக் கடையில் ஒரே குளிர்பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தாலும் விளையாட்டுப் பானமும் எனர்ஜி டிரிங்க்கும் ஒன்றல்ல. விளையாட்டுப் பானம் 1965இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடிய பையன்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் அவர்களுக்குச் சிறுநீர் போகவில்லை. இது ஏன் என்று பயிற்சியாளர் ஒருவர் கேட்கப்போய், ராபர்ட் கேட் என்ற சிறுநீரக வைத்தியர் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து எலுமிச்சைச் சாறு விட்டுக் கொடுத்தார். அணியின் பெயர் கேட்டர்ஸ். பானத்துக்குக் கேட்டரேட் என்று பெயர் வந்தது. மணிக்கணக்காக வியர்த்துக் கொட்டுகிறவனுக்கு அதில் பயன் உண்டு. இருபது இருபத்தைந்து நிமிடத்தில் 5,000 மீற்றர் ஓடி முடிக்கிற உனக்குத் தண்ணீரே போதும்.

எனர்ஜி டிரிங்க்கின் பிறப்பு வேறு. தாய்லாந்தில் லொறிச் சாரதிகளும் கூலித் தொழிலாளிகளும் இரவிலும் கண்விழித்து உழைப்பதற்காகக் குடித்த கிராத்திங் டேங் என்ற சின்னப் போத்தல் பானம்தான் அதன் முன்னோடி. ஆஸ்திரியா நாட்டு வியாபாரி ஒருவர் அதைக் கண்டு, தாய்லாந்துக்காரரோடு கூட்டுச் சேர்ந்து, கொஞ்சம் மாற்றி, 1987இல் ரெட் புல் என்று ஐரோப்பாவில் இறக்கினார். இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வியர்த்த உடம்புக்கு நீர் கொடுப்பதற்காக இந்தப் பானத்தைச் செய்யவில்லை. களைத்துப்போன மனிதனிடமிருந்து இன்னும் நாலு மணித்தியால வேலையை எடுப்பதற்காகச் செய்தார்கள். டின்னின் முன்பக்கத்தில் விமானமும் மோட்டார் சைக்கிளும் மலை ஏறுகிறவனும் வந்தது பிறகுதான்.

இப்போது டின்னைத் திருப்பிப் பின்பக்கம் பார். பொடி எழுத்தாக இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசி. பேர்பெற்ற கம்பனிகளின் 250 மில்லிலீற்றர் டின்னில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். உயரமான 500 மில்லிலீற்றர் டின்னில் 160 மில்லிகிராம் வரை போகும். குவாரனா என்று ஒரு பெயரும் சிலவற்றில் வரும். அது தென்னமெரிக்காவில் காய்க்கிற ஒரு விதை, அதிலும் இருப்பது கஃபீன்தான்.

கஃபீன் சக்தி தருவதில்லை. நாம் விழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் போய் ஒட்டும்போதுதான் உடம்பு தளர்ந்து படுக்கையைத் தேடுகிறது. கஃபீன் அந்த ஏற்பிகளை முந்திப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, இன்னும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. களைப்பும் அப்படியே இருக்கிறது. களைத்துவிட்டாய் என்ற செய்தி மட்டும் உன்னிடம் வந்து சேர்வதில்லை. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணித்தியாலம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தால் இரவு பதினொன்றுக்கும் அரைவாசி உனக்குள் நிற்கிறது. படிக்கலாம் என்று விழித்திருப்பாய். அடுத்த நாள் காலையில் படித்தது நிற்காது, ஏனென்றால் படித்ததைப் பதித்து வைக்கிற வேலை தூக்கத்தில்தான் நடக்கிறது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கஃபீன் நீண்ட ஓட்டத்துக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒலிம்பிக்காரர்கள் அதை ஊக்கமருந்துப் பட்டியலில் வைத்திருந்து, 2004இல்தான் எடுத்தார்கள். உன் தோழிகள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வளர்ந்த விளையாட்டு வீரர்களிடம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கொடுத்துச் செய்தவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கஃபீனைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, பிள்ளைகளுக்கும் உன் வயதுக்காரருக்கும் ஒரு நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவைச் சொன்னது. பெரியவர்களுக்குப் பலன் தொடங்குகிற இடத்தில் உன் வயதுக்கான வரம்பு முடிந்துவிடுகிறது. இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்தாலே போதும்.

உன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போன மாதம் நிறுத்தபோது 42 கிலோ என்றாய். மூன்றால் பெருக்கினால் 126 மில்லிகிராம். பெரிய டின் ஒன்றே 160. சின்ன டின்தானே, 80தானே என்பாய். காலையில் ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கிறாயே, அதை எங்கே போடுவது? ஒரு கோப்பைச் சாயத்தில் சுமார் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். இரண்டு கோப்பை 100. சின்ன டின்னையும் சேர்த்தால் 180. டின்னில் அச்சடித்திருக்கிற எண் எல்லா உடம்புக்கும் ஒன்றுதான். 80 கிலோ எடையுள்ள ஒரு மனிதன் அதைக் குடிப்பதும் நீ குடிப்பதும் ஒன்றல்ல.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் மலைநாட்டுக் காரணம் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் எடுத்தால் 32 வீதம். லயத்துப் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று வளர வேண்டிய உயரம் வளரவில்லை. நமுனுகுலவிலும் லுணுகலையிலும் மடூல்சீமையிலும் பெட்டிக்கடையில் அதே டின்தான் தொங்குகிறது. அதை வாங்குகிற கை மட்டும் மெலிந்த கை. பத்து வயதுத் தம்பி அண்ணன்மாரைப் பார்த்து அதே டின்னைக் கேட்கிறான். அவன் 25 கிலோ இருந்தால் அவன் நாள் வரம்பு 75 மில்லிகிராம். சின்ன டின் ஒன்றிலேயே அது தாண்டிவிடும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பிள்ளைகளின் உணவில் எனர்ஜி டிரிங்க்குக்கு இடமே இல்லை.

டின்னின் முன்பக்கத்தில் நிற வட்டம் ஒன்று இருக்குமே, அதைப் பார்த்து வாங்கினால் பயமில்லை என்று உன் தோழி சொன்னாளாம். அந்த வட்டம் நல்ல ஏற்பாடு. 2016 ஆகஸ்டில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. அடுத்த வருடம் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரியும் போட்டார்கள். சீனி வியாதி இவ்வளவு பெருகிய நாட்டில் இரண்டும் வேண்டியவை. ஆனால் மஞ்சள் வட்டத்தின் மேல் எல்லையில், நூறுக்கு 11 கிராம் என்று நிற்கிற பானத்தை எடுத்துக்கொள். அரை லீற்றர் குடித்தால் 55 கிராம் சீனி, பதினொரு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. அதைவிட முக்கியம், அந்த வட்டம் சீனியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. கஃபீனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சீனிக்குப் பதில் செயற்கை இனிப்புப் போட்ட பானத்தில் சீனி குறைந்திருக்கும், 160 மில்லிகிராம் கஃபீன் அப்படியே இருக்கும். பச்சை நிறம் என்றால் பிள்ளைகளுக்கு ஆகும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிக் கொடு.

இனி மற்றச் சேர்மானங்கள். இங்கே எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு, உன் வயதுப் பெண்ணின் கதை. 2012இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 15 வயது மாணவி ஒருத்தி கேட்டரேட் போத்தலின் பின்பக்கத்தை வாசித்தாள். புரோமின் ஏற்றிய தாவர எண்ணெய் என்று ஒரு பெயர் இருந்தது. எலுமிச்சை, தோடம்பழ வாசனை எண்ணெய்கள் தண்ணீருக்கு மேலே மிதந்து பிரிந்துவிடாமல் இருக்க அந்தப் பாரமான எண்ணெயைச் சேர்ப்பார்கள். புரோமின் உடம்பின் கொழுப்பில் தங்கக்கூடியது. பிரித்தானியா 1970இலும் இந்தியா 1990இலும் அதைத் தடை செய்துவிட்டன. அமெரிக்காவிலோ அதே 1970இல் பாதுகாப்பான பொருட்களின் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, மேலும் ஆராயும்வரை சிறிய அளவில் சேர்க்கலாம் என்று தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் நாற்பது வருடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை ஒரு மனு எழுதினாள். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டார்கள். 2013 ஜனவரியில் கம்பனி அதை எடுத்துவிடுவதாக அறிவித்தது. அமெரிக்க அரசு தன் அனுமதியை முழுதாக நீக்கியது 2024 ஜூலையில். எலிகளில் செய்த ஆய்வுகளில் தைரொயிட் சுரப்பிக்குக் கேடு தெரிந்த பிறகு.

அனுமதிக்கப்பட்டது என்று அச்சடித்திருப்பதற்கு என்ன பெறுமதி என்று இதிலிருந்து நீ தெரிந்துகொள்ளலாம். இன்று கையில் உள்ள ஆய்வுகளின்படி அனுமதி, அவ்வளவுதான். அதற்காக ஈ என்ற எழுத்தோடு எண் போட்டிருப்பதெல்லாம் நஞ்சு என்று பயப்படவும் வேண்டாம். ஈ 300 என்பது விற்றமின் சி. ஈ 330 எலுமிச்சையில் இருக்கிற அதே சிற்றிக் அமிலம். அதனால் வருகிற கேடு பல்லுக்குத்தான். அமில காரச் சுட்டெண் 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். இந்தப் பானங்கள் 3க்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஓடிக் களைத்து எச்சில் வற்றிய வாயில் அதை ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் பல்லுக்கு இரட்டைக் கேடு.

ஈ 211 என்று இருந்தால் சோடியம் பென்சோவேட், கெட்டுப்போகாமல் காக்கிற சரக்கு. தனியாக அதில் பெரிய பயமில்லை. அதே போத்தலில் விற்றமின் சியும் இருந்து, வெயிலும் சூடும் பட்டால் இரண்டும் சேர்ந்து சிறிதளவு பென்சீன் உண்டாகலாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள். 2006 அளவில் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட பானங்களைச் சோதித்தபோது சிலவற்றில் குடிநீருக்குரிய வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தக் கம்பனிகள் கலவையை மாற்றின. கச்சான் வெயிலில் கடை வாசலில் நாள்முழுக்க அடுக்கிவைத்த போத்தலை வாங்காதே என்று நான் சொல்வது இதனால்தான். ஈ 102, ஈ 110, ஈ 129 எல்லாம் நிறம் கொடுக்கிற சாயங்கள். 2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஆறு சாயங்களையும் இந்த பென்சோவேட்டையும் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில பிள்ளைகளின் துருதுருப்புக் கூடியது. 2010 ஜூலையில் இருந்து ஐரோப்பாவில் அந்த ஆறு சாயங்களில் ஏதாவது சேர்த்தால், பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று எழுத வேண்டும். அப்படி எழுதுவதைவிடச் சாயத்தை மாற்றுவது மேல் என்று பல கம்பனிகள் மாற்றிக்கொண்டன. அங்கே ஒரு வாக்கியத்துக்குப் பயந்தவர்கள் இங்கே அதே சாயத்தை ஊற்றினால் எனக்குக் கோபம் வருகிறது. வரத்தானே வேண்டும்.

டோரின் என்ற பெயரைப் பார்த்து அது ஏதோ காளை மாட்டின் சத்து என்று பையன்கள் நம்புகிறார்களாம். முதலில் மாட்டின் பித்தநீரில் கண்டுபிடித்ததால் வந்த பெயர். நம் உடம்பே அதைச் செய்துகொள்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விற்றமின் பி கதை அப்படியல்ல, அதை உன் அண்ணனுக்காக எழுதுகிறேன். கொழும்பில் கட்டிட வேலைக்குப் போனவன், இரவு வேலையும் சேர்த்துச் செய்ய நாளுக்கு மூன்று நாலு டின் குடிப்பதாக அவனே சொன்னான். தீபாவளிக்கு வந்தபோது பெட்டியோடு கொண்டுவந்தவனும் அவன்தான். 2016இல் பிரித்தானிய வைத்திய இதழ் ஒன்றில் ஒரு நோயாளியின் விவரம் வந்தது. அமெரிக்காவில் புளோரிடாவைச் சேர்ந்தவர், ஐம்பது வயது, அவரும் கட்டிடத் தொழிலாளி. வேலைக் கஷ்டம் தாங்க நாளுக்கு நாலைந்து எனர்ஜி டிரிங்க் வீதம் மூன்று வாரம் குடித்தார். கண்ணும் தோலும் மஞ்சளாகி, வயிறு நொந்து, வாந்தியோடு வைத்தியசாலைக்கு வந்தார். ஈரல் அழற்சி. ஒவ்வொரு போத்தலிலும் இருந்த நியாசின், அதாவது விற்றமின் பி3, நாளெல்லாம் சேர்ந்து ஈரலைத் தாக்கியிருக்கும் என்று வைத்தியர்கள் கருதினார்கள். குடிப்பதை நிறுத்திச் சிகிச்சை எடுத்ததும் தேறினார். விற்றமின் என்று போட்டிருந்தால் எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று அண்ணன் நினைக்கிறான். இந்தப் பகுதியை அவனுக்கு வாசித்துக் காட்டு. அவனைத் திட்டாதே. பதினாறு மணித்தியாலம் வேலை வாங்குகிற இடத்தில் நிற்கிறவன் அவன், அந்தத் தாய்லாந்து லொறிச் சாரதியைப் போல. டின்னை விடு என்று சொல்கிற அதே மூச்சில், இரவு வேலையைக் குறைக்க வழி உண்டா என்றும் கேளு. திருவிழாக்களில் இதைச் சாராயத்தோடு கலக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். போதை ஏறியது தெரியாமல் இன்னும் இன்னும் குடிக்க வைக்கிற கலவை அது. அமெரிக்காவில் 2010இல் மதுவையும் கஃபீனையும் ஒன்றாக அடைத்து விற்ற கம்பனிகளை அரசு எச்சரித்து நிறுத்தியது.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் 16 வயதுப் பையன் ஒருவன் வகுப்பில் சரிந்து விழுந்து இறந்தான். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு கோப்பி, ஒரு பெரிய சோடா, ஒரு எனர்ஜி டிரிங்க் குடித்திருந்தான். மூன்றிலும் கஃபீன். அவன் இதயத்தில் வேறு குறை எதுவும் மரணப் பரிசோதனையில் தெரியவில்லை. குடிக்கிற இலட்சக்கணக்கானவர்களில் இப்படி நடப்பது மிக மிக அரிது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பையன் அதைப் பெரிய வேகத்தில் குடித்தான். மைதானத்தில் விசில் ஊதுவதற்கு முன் பிள்ளைகள் எப்படிக் குடிப்பார்கள் என்று யோசி. ஒரே மூச்சில், குளிரக் குளிர, வெறும் வயிற்றில். பிறகு இதயம் எவ்வளவு வேகமாக அடிக்க முடியுமோ அவ்வளவு வேகமாக அடிக்கிற ஓட்டம். பிறவியிலேயே இதயத் துடிப்பில் கோளாறு உள்ள பிள்ளைகளில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

நாளைக்கு நீ தேசிய மட்டத்துக்குப் போனால், இன்னொன்றும் வரும். பொடி கரைத்துக் குடி, மூலிகைத் தைலம் இது, பக்கவிளைவு இல்லை என்று யாராவது கொண்டுவந்து நீட்டுவார்கள். நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது எடுத்த சோதனையில் தடை செய்யப்பட்ட ஸ்டீரொயிட் காணப்பட்டு, மூன்று மாதத் தடைக்கு ஆளானார். தோள் காயத்துக்கு எடுத்த மூலிகை மருந்து என்று விளக்கம் சொன்னார். விளையாட்டில் உன் உடம்புக்குள் போனதற்கு நீதான் பொறுப்பு, தெரியாமல் குடித்தேன் என்பது செல்லாது. பின்பக்கம் எழுதாத எதையும் வாயில் வைக்காதே.

இவ்வளவும் எழுதிய பிறகும் என் மனதில் நிற்பது நீ போனில் கடைசியாகச் சொன்னதுதான். "மூன்றாவது ரவுண்டிலேயே மூச்சு முட்டுது அத்தை, முன்ன இப்படி இல்ல." டின்னைப் பற்றிய கேள்வியைவிட இது பெரிய விஷயம். கஃபீன் மறைக்கிற செய்தி இதுவாகவே இருக்கலாம். மாதவிலக்கு வருகிற, வளர்கிற, ஓடுகிற பிள்ளை நீ. உன் அம்மா கொழுந்துக்குப் போகுமுன் சுட்டு வைக்கிற ரொட்டியும் சம்பலும்தான் பல நாள் காலைச் சாப்பாடு, அதோடேயே ஒரு கோப்பைச் சாயம். சாயத்தில் இருக்கிற பொருட்கள் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. இரத்தத்தில் இரும்பு குறைந்தால் ஒட்சிசன் குறையும், மூச்சு முட்டும், கால் கனக்கும். அந்தக் காலுக்கு டின்னில் மருந்து இல்லை. குடித்தால் கனப்புத் தெரியாமல் ஓடி, மைதானத்திலேயே விழுவாய்.

ஆகவே இந்தக் கிழமைக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரத்தம் பார். தோட்டத்து மிட்வைஃப் அக்காவிடம் சொன்னால் எங்கே போக வேண்டும் என்று வழி காட்டுவார். பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடியலில் முதல் பஸ்ஸைப் பிடி. பாடசாலையில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை வாந்தி வருகிறது என்று பையில் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடு, சாப்பிட்ட பிறகு விழுங்கு, சாயத்தோடு மட்டும் விழுங்காதே. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. நம் ஊவா மலையின் சாயத்தை விடு என்று நானா சொல்வேன்? சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடி. நெத்தலி, பருப்பு, முருங்கை இலை, வல்லாரை, கிடைக்கிற நாளில் முட்டை. தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

குடிக்கிறதுக்கு என்ன என்று கேட்டாயல்லவா. ஓடுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன் இரண்டு கோப்பைத் தண்ணீர். நீண்ட பயிற்சி நாளில், உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சித் தண்ணீர் ஒரு போத்தல். பீலித் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆறவிட்டு எடு. வயிற்றோட்டம், வாந்தி வந்தால் மட்டும் ஜீவனிப் பக்கற்று. அது ஓ.ஆர்.எஸ். என்கிற மருந்து, லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் அளந்து போட்டது. இந்தியாவில் சீனித் தண்ணீரை இதே மருந்தின் பெயரில் பெட்டியில் அடைத்துப் பிள்ளைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை வைத்தியர் எட்டு வருடம் தனியாக நின்று போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்த நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக்கூடாது என்றது. அந்த வைத்தியரும், மிசிசிப்பிப் பிள்ளையும் செய்தது ஒன்றேதான்: பின்பக்கம் வாசித்து, வாசித்ததை உரக்கச் சொன்னார்கள்.

நீயும் சொல்லலாம். லித்துவேனியாவில் 2014இலிருந்தும் போலந்தில் 2024 ஜனவரியிலிருந்தும் 18 வயது ஆகாதவருக்கு எனர்ஜி டிரிங்க் விற்கக்கூடாது. நம் நாட்டிலும் வயது கேட்டு விற்கிற நாள் வரவேண்டும், கஃபீன் எத்தனை மில்லிகிராம் என்று பெரிய தமிழ் எழுத்தில் முன்பக்கத்திலேயே போட வேண்டும் என்பது என் எண்ணம். சட்டம் வருவதற்கு முன்னால் உங்கள் பாடசாலையில் செய்யக்கூடியது இருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குக் கம்பனிக்காரர் கொடி நட்டு இலவசமாக டின் கொடுக்க வந்தால், வேண்டாம் என்று சொல்லச் சொல்லி மாணவர் தலைவிகள் சேர்ந்து அதிபரிடம் கேளுங்கள். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் இந்த மாதிரிப் பானங்கள் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையே இருக்கிறது. மைதானத்துக்கும் அது பொருந்தும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

அண்ணன் கொண்டுவந்த பெட்டியில் மிச்சம் இருக்கிற டின்களைத் தம்பியின் கைக்கு எட்டாத இடத்தில் வை. இரத்தம் பார்த்ததும் ஹீமோகுளோபின் எத்தனை என்று துண்டில் எழுதித் தருவார்கள். 12க்குக் கீழே இருந்தால் வைத்தியர் சொல்லும்வரை போட்டி ஓட்டம் வேண்டாம், நான் விளையாட்டு ஆசிரியையிடம் பேசுகிறேன். அந்தத் துண்டைப் படம் எடுத்து அன்றைக்கே எனக்கு அனுப்பு. அம்மாவையும் பார்க்கச் சொல்லு, அவருக்கும் எத்தனை என்று தெரிய வேண்டும்.

அன்புடன்,
அத்தை